பழம்பொருளும் அது கிடந்த இடமும்

ஒரு நாட்டின் பழமையை அறிதற்கு ஏடுகள் மாத்திரம் போதா. வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை என்பன பிற்காலத்து எழுந்த நூல்கள். ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு முற்பட்ட யாழ்ப்பாணத்தைப்பற்றி அவை கூறுவன பெரும்பாலும் ஐதிகங்களே. அக்காலத்து இருளை நீக்க வல்லது நிலத்தினுள் மறைந்து கிடக்கும் பழம்பொருளேயாம்.

கரவெட்டிக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ளது வல்லிபுரம். இன்று ஆழ்வார் கோயிலாற் புகழ்பெற்று விளங்கும் அம்மணற்பரப்பிற் கிடைத்த இரு பொருள்களின் வரலாறு நாம் சிந்திக்கத்தக்கது.

முதலாவது, ஒரு புத்தர் சிலை. அது யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் வைக்கப்பட்டிருந்தது. 1906 இல் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் அதனைச் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாக வழங்கினார். கொடுத்தவரும் பெற்றவரும் மகிழ்ந்தனர், இழந்தது வடமராட்சியே.

இரண்டாவது, 1936 இல் பழைய கட்டடமொன்றின் அத்திவாரத்தின்கீழ்க் கிடைத்த பொற்சாசனம். பிராமி எழுத்தில் நான்கு வரிகள் கொண்ட அதனைப் பேராசிரியர் பரணவிதான படித்து வெளியிட்டார். வசப மன்னன் (கி. பி. 67-111) காலத்திலே, இசிகிராயன் என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டபோது, பியகுக திஸ்ஸன் என்பான் விகாரையொன்றை எடுப்பித்தான் என்பது அவர் கொண்ட பொருள். சாசனத்துப் பெயர்களில் தமிழ்ச் சாயல் காண்போரும் உளர்.

இச்சாசனத்தின் பெருமை பொன்னினால் வந்ததன்று. பழைய நூல்கள் கூறும் நாகதீபம் யாழ்ப்பாணக் குடாநாடே என்ற கொள்கைக்கு அது பெருந்துணையாயிற்று. அவ்வாறாயது, அது வல்லிபுரத்து மண்ணிற் கிடைத்தமை தெரிந்ததனாலன்றோ? தட்டானிடம் சென்றிருப்பின் உருகிய பொன்னாய் முடிந்திருக்கும். கிடைத்த இடம் மறைக்கப்பட்டு வணிகர் கடையொன்றில் தோன்றியிருப்பின், எழுத்துக்களைப் படித்திருப்போம். இடத்தைக் காட்டும் சான்றினை இழந்திருப்போம்.

ஆனைக்கோட்டையிற் கிடைத்த முத்திரையும் இவ்வுண்மையையே வலியுறுத்தும். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் நிகழ்த்திய ஆய்விலே, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய அடக்கமொன்றில் அது எலும்புக்கூட்டுடன் வெளிப்பட்டது. மேலே குறியீடுகளும் கீழே பிராமி எழுத்துக்களும் உள்ள அம்முத்திரை, தனியே கிடைத்திருப்பின் வெறும் விந்தைப்பொருளாகவே நின்றிருக்கும். அடக்கத்தோடு கிடைத்தமையால் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்வைக் காட்டும் சான்றாயிற்று.

பழம்பொருளுக்குப் பேராசை மட்டும் பகையன்று, அச்சமும் பகையே. பௌத்தச் சின்னம் வெளிப்படின் நமது உரிமைக்கு ஊறு நேருமோ என எண்ணி மறைப்பாருளர். தமிழருள்ளும் பௌத்தர் வாழ்ந்தனர். மணிமேகலை தமிழ்க் காப்பியமேயாம். சான்றினை மறைப்பவன் தன் முன்னோரின் வாய்மொழியையே அடைத்தவனாவான்.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றி அகழ்தலைத் தடுக்கின்றது. எனினும், சட்டத்தினும் சிறந்த காவல் ஊரவரின் அறிவே. கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் இடும்போதோ நாணயமோ தாழியோ எழுத்துப் பொறித்த கல்லோ தோன்றின், மாணவர்களே, அதனைச் சுரண்டாதீர், விற்காதீர். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடனே குறித்து ஆசிரியருக்கு அறிவியுங்கள். அவர் வாயிலாகத் தொல்பொருட் டிணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். அச்சிறு குறிப்பே நாளைய வரலாற்றின் முதல் வரியாகலாம்.