நான்ஸ்டிக் பாத்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும்

நான்ஸ்டிக் பாத்திரம் என்பது, அலுமினியத்தினாலோ எஃகினாலோ செய்த வாணலி, தோசைக்கல், சட்டி முதலியவற்றின் உட்புறத்தில் பண்டம் ஒட்டிப் பிடிக்காதிருக்கும்பொருட்டு மெல்லிய பூச்சு ஒன்று ஏற்றப்பெற்ற சமையற் சாதனமாகும். அந்தப் பூச்சு பெரும்பாலும் பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்ற செயற்கைப் பொருள். டெஃப்லான் என்ற வர்த்தகப் பெயராலேயே அது உலகப் பிரசித்தி பெற்றது. சாதாரணமாக 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர் வரை கனமுள்ள இந்தப் படலத்தைத் தாங்கி நிற்பதற்காகவே உலோகம் அனைத்தும் இருக்கிறது என்று சொன்னால் தவறாகாது. எதனோடும் ஒட்டாத ஒரு பொருளை உலோகத்தோடு மட்டும் எவ்வாறு ஒட்டவைப்பது என்ற கேள்வியைச் சுற்றியே இப்பாத்திரத்தின் சரித்திரம் முழுவதும் நடந்திருக்கிறது. அந்த ஒட்டு எங்கே பலவீனமாக இருக்கிறதோ, அங்கேதான் பாத்திரம் கழுவும் இயந்திரமும் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் டூபாண்ட் கம்பெனியாரின் ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலையில், ராய் பிளங்கெட் என்ற 27 வயது ரசாயன நிபுணரும் அவருடைய உதவியாளரான ஜாக் ரீபாக்கும், குளிர்சாதனப் பெட்டிக்கு உகந்த புதிய வாயுவைத் தேடும் பரிசோதனைக்காக, டெட்ராஃப்ளூரோஎத்திலீன் வாயு அடைத்து வைத்திருந்த சிறிய சிலிண்டர் ஒன்றைத் திறந்தனர். வால்வைத் திருகியும் வாயு வரவில்லை. காலியாகிவிட்டதோ என்று தராசில் வைத்துப் பார்த்தால், நிறை சற்றும் குறையவில்லை. வால்வையே கழற்றிக் கவிழ்த்தபோது வெண்மையான தூள் கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு சிலிண்டரை வாளால் அறுத்துப் பார்க்கையில், உட்சுவர் நெடுகிலும் மெழுகு போல வழவழக்கும் அதே பொருள் படிந்திருந்தது. தவறிப்போன பரிசோதனை என்று தூக்கி எறிந்துவிடாமல், நிறை ஏன் குறையவில்லை என்று கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே பிளங்கெட்டின் பெயர் நிலைத்து நிற்கத் தகுதியுடையது. அவருக்கு 1941இல் காப்புரிமை கிட்டியது. 1945இல் டெஃப்லான் என்ற பெயர் பதிவாயிற்று.

அமிலமோ காரமோ கரைப்பானோ எதுவும் அப்பொருளைத் தீண்டவில்லை. நீண்ட கார்பன் சங்கிலியைச் சுற்றிலும் ஃப்ளூரின் அணுக்கள் இடைவெளியின்றிப் போர்த்திக் கொண்டிருப்பதும், அவ்விரண்டுக்குமிடையே உள்ள பிணைப்பு மிக்க வலிமையுடையதாக இருப்பதுமே அதற்குக் காரணம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அணுகுண்டுத் திட்டத்தில், எதையும் அரித்துவிடும் யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவை அடக்கி வைப்பதற்கான அடைப்புகளுக்கு அது உபயோகமாயிற்று. சமையலறையை அது எட்டுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. ஏனெனில் எண்ணெயும் மாவும் ஒட்டாத பொருள் உலோகத்திலும் ஒட்ட மறுத்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் மார்க் கிரேகுவார் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர். மீன்பிடி சாமான்கள் வேலையில் அச்சிலிருந்து பொருள் எளிதில் கழன்று வருவதற்காக இப்பூச்சை அவர் கையாண்டு வந்ததைக் கண்ட அவருடைய மனைவி கொலெட், அதையே தம் சமையல் வாணலிக்கும் பூசித் தரலாகாதா என்று கேட்டதாக வரலாறு. கிரேகுவாரின் உபாயம் எளிமையானது. ஆனால் ஆழ்ந்த யோசனையின் பயன். அலுமினியத் தகட்டை முதலில் அமிலத்தால் அரிக்கச் செய்து, அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற குழிகளை உண்டாக்கினார். பின்னர் டெஃப்லான் தூளைத் தூவி, அதன் உருகுநிலையான 327 டிகிரி செல்ஸியஸுக்குச் சற்று மேலாகச் சூடேற்றினார். இளகிய பொருள் அக்குழிகளினுள் இறங்கி, ஆறியதும் இறுகி நின்றது. ஆக, அந்தப் பிடிப்பு ரசாயனக் கலப்பினால் உண்டானதன்று. சொரசொரப்பான சுவரின் துவாரங்களில் சாந்து இறங்கி இறுகுவதைப் போன்ற பிடிப்பே அது. 1954இல் காப்புரிமை பெற்று, 1956இல் அத்தம்பதியர் டெஃபால் என்ற கம்பெனியைத் தொடங்கினர்.

அமெரிக்காவில் டெஃப்லானைக் கண்டுபிடித்தவர்களே அதைச் சமையற் பாத்திரத்தில் ஏற்றத் தயங்கி நின்றார்கள் என்பது விசித்திரம். பிரான்சில் அப்பாத்திரத்தைக் கண்டு மோகித்த தாமஸ் ஹார்டி என்பவர் விடாமுயற்சியோடு அலைந்ததன் பயனாகவும், 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தினர் ஆட்சேபம் இல்லையென்று கூறியதன் பயனாகவும், அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்து மேஸி கடையில், கடும் பனிப்புயலுக்கிடையே, ஒன்று 6 டாலர் 94 சென்ட் விலையில் அவ்வாணலிகள் விற்பனைக்கு வந்து விரைவிலேயே தீர்ந்துபோயின. தேவை பெருகவே, உலோகத்தைச் சரியாகப் பதப்படுத்தாமல் பூச்சை மட்டும் அப்பி விற்றவர்களும் தோன்றினர். அவர்களது பாத்திரங்கள் செதில் செதிலாக உரிந்து, நல்ல சரக்குக்கும் அவப்பெயர் தேடித் தந்தன. 1976இல் வந்த சில்வர்ஸ்டோன் என்ற மூன்றடுக்குப் பூச்சு அந்தக் குறையைப் பெருமளவு போக்கிற்று. இந்தியாவில் ஔரங்காபாத்தைச் சேர்ந்த நிர்லேப் நிறுவனம் 1960களின் இறுதியிலேயே இத்தொழிலைத் தொடங்கியது. நம் ஓசூரிலும் பின்னாளில் இவ்வகைச் சமையற் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது.

கழுவும் இயந்திரத்தின் வமிசாவளி இதனினும் பழையது. இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோஸஃபின் காக்ரன் என்ற மாது, தம் வீட்டு விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைவதைப் பொறாமல், தட்டுகளை அசையாது பிடித்து நிற்கும் கம்பிச் சட்டங்களையும், அவற்றின்மேல் சோப்பு கலந்த வெந்நீரைப் பீச்சும் ஏற்பாட்டையும் கொண்ட இயந்திரம் ஒன்றை அமைத்து, 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை பெற்றார். 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பலரின் கவனத்தையும் ஈர்த்தது. கணவர் கடனை விட்டு மறைந்தபின் தாமே தொழிலை நடத்திய அந்த அம்மையாரின் துணிவு பெரிதும் போற்றத்தக்கது. அவருடைய இயந்திரம் பீங்கானுக்காகப் பிறந்தது என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பீங்கானின் மேற்பூச்சு சூளையில் உடலோடு உருகி ஒன்றாகிவிட்ட கண்ணாடி. நான்ஸ்டிக் வாணலியிலோ, ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கும் இரு வேறு பொருள்கள் இருக்கின்றன.

இயந்திரத்தில் இடும் தூளும் மாத்திரையும் நாம் கையால் தேய்க்கும் சோப்பைப் போன்றவை அல்ல. தேய்க்கும் கை இல்லாத குறையை ஈடுசெய்ய அவற்றில் சலவைச் சோடா முதலிய காரப் பொருள்கள் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. 50 முதல் 70 டிகிரி வரை சூடான அந்தக் கார நீர், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாத்திரத்தின்மீது பாய்ந்துகொண்டே இருக்கிறது. டெஃப்லானுக்கு அதனால் யாதொரு சேதமும் இல்லை. அலுமினியமோ காரத்தில் கரையும் உலோகம். விளிம்பைச் சுற்றிப் பூச்சு முடியும் இடத்திலும், கைப்பிடியைப் பொருத்தும் ரிவெட் ஆணியின் ஓரத்திலும், கரண்டி கீறிய கோட்டிலும் புகுந்த நீர், பூச்சின் அடியில் நுழைந்து உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது. பற்றிக்கொள்வதற்கென்று உண்டாக்கிய குழிகளின் சுவர்களே கரைந்துபோனால், மேலே எவ்வளவு உயர்ந்த பூச்சு இருந்து என்ன பயன்? இயந்திரத்தில் பல மாதங்கள் கழுவிய மலிவான வாணலியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுப்பகுதி பளபளப்பாகவே இருக்க, விளிம்போரத்தில் நூல் பிடித்தாற்போலச் சாம்பல் நிற வளையம் தெரியும். நகத்தால் நெருடினால் அங்கே பூச்சு சிறிது எழும்பி நிற்கும். வெளிப்புறத்து வெற்று அலுமினியம் கறுத்துப்போய், தொட்ட துணியிலெல்லாம் கரி போல் ஒட்டும். மின்சார முறையில் கடினமாக்கிய அலுமினியமும், அதன் காப்பான ஆக்ஸைடு படலத்தைக் காரம் தின்றுவிடுவதால், இதற்கு விலக்கன்று.

பூச்சின் வரலாற்றில் துக்ககரமான அத்தியாயமும் உண்டு; அதை ஒளிப்பது நேர்மையாகாது. டெஃப்லான் தயாரிப்பில் உதவிப்பொருளாக 1951 முதல் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற அமிலம், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் தொழிற்சாலையிலிருந்து நீரிலும் நிலத்திலும் கலந்தது. கால்நடைகள் மடிவது கண்டு விவசாயி ஒருவர் முறையிட, ராபர்ட் பிலாட் என்ற வழக்கறிஞர் பல ஆண்டுகள் போராடினார். அப்பகுதி மக்களைப் பரிசோதித்த விஞ்ஞானிகள் குழு, சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உள்ளிட்ட 6 நோய்களோடு அதற்குச் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று 2012இல் முடிவு கூறியது. 2017இல் வழக்குகள் 67 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 2015க்குள் பெருங்கம்பெனிகள் அதைக் கைவிட்டன. 2023இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் தொழிற்சாலையின் அண்டை அயலார். சூளையின் உஷ்ணத்தைத் தாண்டி வந்த வாணலியில் அது எஞ்சியிருப்பது மிகச் சொற்பமே. ஆகையால் இன்று பெட்டியின்மீது ‘பிஎஃப்ஓஏ இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது, வாங்குபவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிவிப்பதில்லை. இதே குடும்பத்துப் பொருள்கள் அனைத்தையும் சமையற் பாத்திரங்களிலிருந்து விலக்கும் சட்டம், அமெரிக்காவின் மின்னஸோட்டா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

2007இல் பெல்ஜியத்து கிரீன்பேன் கம்பெனியாரால் பிரபலமான செராமிக் பூச்சு, ஃப்ளூரின் கலவாத சிலிக்கா வகையைச் சேர்ந்தது. அதிக உஷ்ணத்திலும் நச்சுப்புகை எழுப்பாதது அதன் சிறப்பு. வழுவழுப்பு டெஃப்லானைவிட விரைவில் குன்றிவிடுவதும், காரத்தின் தாக்குதல் நேரே பூச்சின் மீதே விழுவதும் அதன் குறைகள். இயந்திரமே கதி என்றிருக்கும் குடும்பத்தார் இதை வாங்குமுன் இருமுறை யோசிப்பது நலம்.

அப்படியாயின் எதை வாங்குவது? பூச்சின் பெயரையும், வைரம், கிரானைட், டைட்டானியம் என்ற அடைமொழிகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தைக் கையிலெடுத்து அதன் ஓரங்களைப் பார்க்க வேண்டும். விளிம்பைத் தாண்டி வெளிப்புறம் வரை பூச்சோ எனாமலோ மூடியிருக்கிறதா, உட்புறத்தில் ரிவெட் ஆணி தலைகாட்டுகிறதா, அடித்தட்டைச் சுற்றி அலுமினியம் வெறுமையாகத் தெரிகிறதா என்பவையே தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள். காரத்துக்கு அஞ்சாத எவர்சில்வர் உடலின்மேல் பூச்சு ஏற்றிய பாத்திரம், விலை அதிகமாயினும், இயந்திரமுள்ள வீட்டுக்கு மிகப் பொருத்தமானது. கனமான அடி சூட்டில் நெளியாது. மரப்பிடி வெடிக்கும், ஆகவே எவர்சில்வர் பிடியே உத்தமம். ‘இயந்திரத்தில் இடலாம்’ என்ற குறியீடு, உடனே கெட்டுவிடாது என்பதற்கான உத்தரவாதமேயன்றி ஆயுள் நீடிக்கும் என்பதற்கு அன்று.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்த ஒரு பாத்திரத்தை மட்டும் கையால் கழுவுவதே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான அபிப்பிராயம். பண்டம் ஒட்டாத பாத்திரத்தைக் கழுவ வெதுவெதுப்பான நீரும் மென்மையான பஞ்சும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும். அதற்கு ஆகும் நேரம், அதை இயந்திரத்தின் தட்டில் இடம் பார்த்து அடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. அடுப்பிலிருந்து இறக்கியவுடன் குழாயடியில் நீட்டாமல் ஆறவிட வேண்டும். உலோகமும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், திடீர்க் குளிர்ச்சி இரண்டுக்குமிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தும். இயந்திரத்தில் இட்டே தீரவேண்டுமென்றால், உட்புறம் கீழ்நோக்கும்படி, கத்தியும் முள்கரண்டியும் உரசாத இடத்தில் தனியே வைத்து, குறைந்த உஷ்ணத்தில் ஓடவிட்டு, முடிந்தவுடன் எடுத்துத் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவி வைக்கலாம். இரும்புத் தோசைக்கல்லை மட்டும் எந்த நிலையிலும் இயந்திரத்தில் இடலாகாது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறி ஏறிய பதம் அனைத்தும் ஒரே கழுவலில் போய்த் துருவேறிவிடும்.

வெறும் பாத்திரத்தை எரியும் அடுப்பில் மறந்து விடுவதால் நேரும் தீங்கு, கழுவும் முறையினால் நேரும் தீங்கைக் காட்டிலும் பெரிது. 260 டிகிரிக்கு மேல் டெஃப்லான் மெல்லச் சிதையத் தொடங்கி, 350ஐத் தாண்டும்போது நச்சு வாயுக்களை வெளிவிடுகிறது. அவ்வாயு மனிதருக்குச் சளிக்காய்ச்சல் போன்ற நோயை உண்டாக்கும், கூண்டுக் கிளிகளைக் கொன்றே விடும். மிதமான தீயும், மரக்கரண்டியும், அடுக்கி வைக்கையில் நடுவே ஒரு துணியும் இருந்தால் நல்ல பாத்திரம் சில ஆண்டுகள் உழைக்கும். உரிந்த துகள் தப்பித்தவறி வயிற்றுக்குள் போனாலும் ஜீரணமாகாமல் வெளியேறிவிடும். எனினும், விளிம்போரத்துச் சாம்பல் வளையம் நடுவை நோக்கிப் பரவி, அடியில் வெற்றலுமினியம் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கிய பின், அதில் புளிக்குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டு வேறு பாத்திரம் வாங்கிக்கொள்ள வேண்டியதே.