கோதுமைக்குக் காப்பு தேடிய வரலாறு

வடபுலத்தில் குடியேறி வாழும் தமிழராகிய நாம் அரிசியோடு கோதுமையையும் உண்டு பழகிவிட்டோம். அக்கோதுமைக்கு நெடுங்காலமாக வாய்த்த கொடிய பகை துருநோய்.

துரு என்பது ஒருவகைப் பூஞ்சணம். இரும்பில் துரு ஏறுவதுபோல இலையிலும் தண்டிலும் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறுப்பாகவும் படர்வதால் இப்பெயர் பெற்றது. பயிரின் உணவை அது உறிஞ்சிக்கொள்ள, மணிகள் சுருங்கிவிடும். 1946-47-இல் மத்திய இந்தியாவில் கருந்துரு பரவி விளைச்சலைப் பெரிதும் அழித்தது. பங்கீட்டுத் தானியத்தை எதிர்பார்த்து மக்கள் காத்திருந்த காலம் அது.

இந்நோய் ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவின் வித்துக்கள் மடிந்துவிடும். மலைக் குளிரில் பிழைத்திருந்து, பின்னர் காற்றேறி வயல்களை அடையும். இமயமலைச் சாரலைப் போலவே நம் நீலகிரியும் பழனிமலையும் அவற்றின் உறைவிடங்கள். கருந்துரு பெரும்பாலும் தெற்கிலிருந்தே வடக்கே செல்கிறது என்பதைப் பின்வந்தோர் உறுதிசெய்தனர். நாம் வந்த திசையிலிருந்தே நோயும் வந்தது போலும்!

பரந்த வயல்களுக்கெல்லாம் மருந்து தெளிப்பது ஏழை உழவர்க்கு இயலாத செயல். ஆதலின் பயிரின் இயற்கையான எதிர்ப்பாற்றலை வளர்ப்பதே வழியாயிற்று. அவ்வாற்றல் உடைய பயிரில், பூஞ்சணம் புகுந்த இடத்து உயிரணுக்கள் தாமே மடிந்துவிடும். உயிருள்ள பயிரை உண்டே வாழும் பகைவன் பட்டினியால் அழிவான். இப்பண்பு மெண்டலின் விதிப்படி வழிவழியாக இறங்குவதை, மஞ்சள் துருவைக் கொண்டு 1905-இல் கேம்பிரிட்ஜில் பிஃபென் காட்டினார். அங்கே பயின்று திரும்பிய பி. பி. பால், பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை வகைகளைக் கலந்து தேர்ந்தெடுத்தார். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பீகாரிலிருந்த அந்நிலையம் சிதைந்தது. 1936-இல் டில்லிக்கு மாறியது. எனினும் பணி தளரவில்லை. 1954-இல் மூவகைத் துருவையும் எதிர்க்கும் என். பி. 809 வெளிவந்தது.

ஆயினும் பூஞ்சணமும் வாளாவிருப்பதில்லை, உருமாறித் தாக்குகிறது. 1960-களின் இறுதியில் பரவலாகப் பயிரான கல்யாண் சோனா, அடுத்த பத்தாண்டுகளில் பழுப்புத் துருவுக்கு இரையாயிற்று. உகாண்டாவில் கண்டறியப்பெற்று 1999-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் கருந்துரு இனம், அதுவரை உலகெங்கும் நம்பப்பட்டிருந்த ஒரு காப்பையே உடைத்தது.

ஆகவே ஒரே காப்பை நம்பி நாடு முழுவதும் ஒரே விதையை விதைப்பது தகாது. பல காப்புகளை ஒரே விதையில் இணைக்கவேண்டும்; வகைகளைப் பரவலாக்கவேண்டும். நோய் உறையும் நீலகிரியிலேயே, வெலிங்டனில், டில்லி நிலையத்தின் கிளை கோதுமையைச் சோதித்து வருவது இதற்காகவே. விளைச்சல் குறைவென்று நாம் ஒதுக்கிய பழைய விதைகளுள் நாளைய காப்பு மறைந்திருக்கலாம். அவற்றைப் போற்றிக் காப்பது நம் கடமையாகும்.