ஊக்கமருந்து விலக்கும் உடனிருப்போர் கடமையும்: ஒரு வரலாற்று நோக்கு

1958ஆம் ஆண்டு ரோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆவார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே. அதற்கு முன்னர் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போனிலும் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாக்களிலும் அவர் பங்குபற்றியிருந்தார். அக்காலத்தில் வென்றவரின் சிறுநீரைச் சோதிக்கும் வழக்கம் இருந்ததில்லை. வீரர் எதனை உட்கொண்டார், அதனைக் கொடுத்தவர் யார் என்பன அவரது மனச்சான்றுக்கும் அவரைப் பயிற்றியோரின் மனச்சான்றுக்குமே விடப்பட்டிருந்தன. இன்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானமொன்றிலிருந்து தேசிய அரங்குக்குச் செல்லும் மாணவரோ விதிகள் செறிந்த வேறோர் உலகினுட் புகுகின்றார். அவ்விதிகள் தோன்றிய வரலாற்றையும், அவை வீரர்மீதும் அவருக்குத் துணைநிற்போர்மீதும் சுமத்தும் பொறுப்பினையும் நோக்குதல் பயனுடைத்து.

ஊக்கமருந்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, மருந்தை ஏற்ற உடலின் பின்னால் அதனைக் கொடுத்த கையொன்று பெரும்பாலும் புலப்படும். 1904இல் சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் தோமஸ் ஹிக்ஸ் தளர்வுற்றபோது, உடன்சென்ற உதவியாளர்கள் ஸ்ரிக்னின் என்னும் நச்சுப்பொருளை முட்டை வெண்கருவுடனும் பிராந்தியுடனும் அவருக்கு ஊட்டினர். அவரே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். அன்று அதனைத் தடுக்கும் விதி இருக்கவில்லை. 1928இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் ஊக்கமருந்தைத் தடைசெய்ததெனினும், சோதனை முறைகள் இன்மையால் அத்தடை ஏட்டளவிலேயே நின்றது. 1967 யூலையில், பிரான்சைச் சுற்றிவரும் சைக்கிளோட்டப் போட்டியின்போது பிரித்தானிய வீரர் தொம் சிம்சன் மலையேற்றத்தில் வீழ்ந்து மாண்டார். அவருடலில் அம்பெற்றமின் காணப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து ஒலிம்பிக் விழாக்களிற் சோதனை நடைமுறைக்கு வந்தது.

சோதனை வந்தபின்னர் தண்டனை வீரர்மீதே விழுந்தது. 1972இல் மியூனிக்கில் 400 மீற்றர் நீச்சலில் முதலிடம் பெற்ற 16 வயதினரான அமெரிக்கர் ரிக் டிமொன்ற், ஆஸ்துமா நோய்க்கு அருந்திய மருந்தில் எபெட்ரின் இருந்தமையால் பதக்கத்தை இழந்தார். அம்மருந்தைத் தாம் உட்கொள்வதாக அவர் முன்னரே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதனை உரியவாறு தீர்த்துவைக்க வேண்டிய குழு மருத்துவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கிழக்கு யேர்மனியில் 1974 முதல் அரசே திட்டமிட்டு இளம் வீராங்கனைகளுக்கு ஆண்மை இயக்குநீர்களை ஊட்டியது. விற்றமின் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குளிசைகளை விழுங்கிய சிறுமியர் பலர். இதற்குப் பொறுப்பான மன்பிரெட் எவால்ட், மன்பிரெட் ஹொப்னர் ஆகியோரை பேர்லின் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது 2000ஆம் ஆண்டிலேயாகும். உண்டவர் உடனே தண்டிக்கப்படுவதும், ஊட்டியவர் கால் நூற்றாண்டு கழித்து விசாரிக்கப்படுவதும் நீதியின் சமநிலை ஆகா.

இக்குறையை நீக்கும் முயற்சி 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் நிறுவப்பட்டதோடு வலுப்பெற்றது. 2004இல் நடைமுறைக்கு வந்து 2009, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட உலக விதிக்கோவை இரு தூண்களின்மேல் நிற்கின்றது. தம் உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பாளி என்பது முதலாவது. எண்ணம் இருந்ததா என்பது தண்டனையின் அளவை மாற்றலாமேயன்றிக் குற்றத்தை இல்லாமற் செய்யாது. தம்மைக் கவனிக்கும் மருத்துவருக்குத் தமது கடப்பாட்டை அறிவித்தலும் வீரரின் கடமையே. இரண்டாவது, துணைநிற்போரின் பொறுப்பு. பயிற்றுநர், முகாமையாளர், மருத்துவர் மட்டுமன்றிப் பெற்றோரும் இத்தொகுதியுள் அடங்குவர். விதிகளை அறிந்திருத்தல், சோதனைக்கு ஒத்துழைத்தல், வீரரிடத்து நேரிய மனப்பாங்கை வளர்த்தல் என்பன அவர்தம் கடமைகள். மருந்தைக் கொடுப்போருக்குக் குறைந்தது நான்கு ஆண்டுத் தடை உண்டு. இளையோர் சம்பந்தப்படின் வாழ்நாள் தடையும் நேரலாம். தடைபெற்ற பயிற்றுநரோடு தொடர்பு வைத்தலும் 2015 முதல் வீரருக்குக் குற்றமாயிற்று.

இலங்கை இவ்வரலாற்றின் புறத்தே நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்ற சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெள்ளிப் பதக்கம் உரித்தானது 2009இலேயே. முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ் 2007இல் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டமையே அதற்குக் காரணம். ஜோன்சின் பயிற்றுநர் ட்ரெவர் கிரஹம் 2008இல் வாழ்நாள் தடை பெற்றார். ஒரு பயிற்றுநரின் செயல் கடல்கடந்த நாட்டு வீராங்கனையொருவரின் உரிமையை ஒன்பதாண்டுகள் மறைத்துவைத்தது. யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டுச் சமவாயத்தைத் தழுவி, 2013இல் இலங்கைப் பாராளுமன்றம் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது.

யாழ்ப்பாணத்தவர் சிறப்பாகச் சிந்திக்கவேண்டிய நிகழ்ச்சி, துடுப்பாட்ட வீரர் உப்புல் தரங்கவினுடையது. 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது எடுக்கப்பட்ட மாதிரியில் பிரெட்னிசோன், பிரெட்னிசொலோன் என்பன காணப்பட்டன. தோள் வேதனைக்கு அருந்திய மூலிகை மருந்தினூடாக அவை உடலிற் புகுந்தன எனவும், ஆற்றலைப் பெருக்கும் நோக்கம் அவருக்கில்லை எனவும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. எனினும் தடைப்பொருள் உடலினுட் புகாமற் காத்தல் வீரரின் சொந்தக் கடமை எனக் கூறி மூன்று மாதத் தடை விதித்தது.

செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பெயரால் மருத்துவ நூல்கள் எழுந்த மண் யாழ்ப்பாணம். சுளுக்குக்கும் முறிவுக்கும் நாட்டு வைத்தியரை நாடுதல் இங்கு இன்றும் இயல்பு. இதனால் சித்த மருத்துவம் குற்றமுடையது எனக் கொள்ளுதல் தவறு. பிரெட்னிசொலோன் எந்த மூலிகையிலும் விளைவதன்று. அது செயற்கைப் பொருள். கலந்திருப்பது யாதெனக் கூறப்படாத மருந்தே அபாயமானது. ஆயினும் மரபு மருந்திலும் அவதானம் வேண்டும். சித்த மருத்துவர் சுத்திசெய்து பயன்படுத்தும் எட்டிக்கொட்டையில் உள்ள நச்சுப்பொருள், ஹிக்சுக்கு ஊட்டப்பட்ட அதே ஸ்ரிக்னினே. அது இன்று தடைப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நோயாளி போட்டியாளர் என்பதை வைத்தியர் அறியாவிடின், நன்மை கருதிக் கொடுத்த மருந்தும் மாணவரின் எதிர்காலத்தைக் கெடுக்கக்கூடும். விதிக்கோவைக்குக் கட்டுப்படாத வைத்தியரைத் தண்டித்தல் அரிது. வீரரைத் தண்டித்தலோ எளிது.

எனவே அறிவைப் பகிராது பொறுப்பை மட்டும் சுமத்துதல் அறமாகாது. தடைப்பட்டியல் ஆண்டுதோறும் சனவரி முதலாம் நாள் புதுப்பிக்கப்பட்டு ஆங்கிலம் முதலிய மொழிகளில் வெளிவருகின்றது. அதனை உடற்கல்வி ஆசிரியரும் பெற்றோரும் வைத்தியரும் விளங்கிக்கொள்ளும் தமிழில் ஆண்டுதோறும் எடுத்துரைத்தல் கற்றோர் கடன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களையும் தமிழாக்குவித்தார். மருத்துவக் கல்வியும் சித்த மருத்துவக் கல்வியும் ஒருங்கே நிகழும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு அப்பணியைத் தொடர்தல் இயலாததன்று. அது நிறைவேறுமாயின், தம் உடலுக்குத் தாமே பொறுப்பு என்னும் விதியை இம்மண்ணின் மாணவர் அச்சத்தோடன்றி அறிவோடு ஏற்பர்.