கறுப்பின மக்களின் வரலாறு கல்லூரி புகுந்த கதை

அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை 1865-ஆம் ஆண்டிற் சட்டப்படி அறுபட்டது. ஆயினும், அத்தளையிற் கட்டுண்டிருந்த மக்களின் வரலாறு பாடநூல்களில் உரிய இடம் பெறவில்லை. இக்குறையைக் களைய முற்பட்டவர் கார்ட்டர் உட்சன் என்னும் பேரறிஞர். முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875-இல் பிறந்த இவர், இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். இருபது வயதளவிற்றான் உயர்நிலைப் பள்ளி புகுந்தார். 1912-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1915-இல் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை நிறுவினார்; மறு ஆண்டே அதற்கென ஓர் இதழும் கண்டார். 1926 பிப்ரவரியில் தம் இனத்தாரின் வரலாற்று வாரத்தைத் தொடங்கி வைத்தார்.

1950-இல் அவர் மறைந்தார். ஊன்றிய வித்து மறையவில்லை. தம் மக்களின் வரலாற்றையும் இலக்கியத்தையும் பயிலத் தனித்துறை வேண்டுமென, சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் கறுப்பின மாணவர், பிற இன மாணவரோடு கூடி, 1968 நவம்பர் 6 அன்று வகுப்புக்களைத் துறந்து போராட்டத்தில் இறங்கினர். போலீசாரின் தடியடி பட்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து மாதங்கட்குப்பின், 1969 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. கறுப்பின ஆய்வுத்துறை மலர்ந்தது. பிற பல்கலைக் கழகங்களும் அவ்வழி சென்றன. 1988-இல் டெம்பிள் பல்கலைக் கழகம் இத்துறையில் டாக்டர் பட்டப் படிப்பையே தொடங்கிற்று.

தம் முன்னோர் கதையைத் தாமே எழுதிப் பயிலாதார்க்குப் பிறர் எழுதியதே கதையாய் நின்றுவிடும். இதனை உணர்ந்தமையாலன்றோ ஒரு சுரங்கத் தொழிலாளி ஏடெடுத்தார், மாணவர் தடியடி ஏற்றனர்!