சுவர் தாண்டிய முட்டை

கோவைத் தெருக்களில் கோழியால் தகராறு வந்தால் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஊர் நெருக்கமாகிவிட்டது என்பது ஒன்று, ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மைதான். கொங்கு நாட்டில் அக்கம்பக்கத்தார் கோழியைச் சகித்துக்கொண்டதற்கு முக்கியக் காரணம், அந்தக் கோழியில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதே. பங்கு போன பிறகுதான் கோழி வெறும் தொல்லையாக மிஞ்சியது.

சண்டை என்னவோ பழையது. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையிலேயே, முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழிமீது காதுக்குழையை எறிகிற பெண்கள் வருகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், கோழியும் காயும் தானியமும் ஒரே முற்றத்துக்குப் போட்டியிட்டதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். கொங்குக் காட்டுப்புறத்தில் இந்தப் போட்டி குறைவு. கிணற்றுப் பாசனத்தை நம்பிய குடியானவர்கள் பலர் அவரவர் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருந்தார்கள். குப்பைமேட்டைக் கிளறி, கட்டுத்தரையில் சிந்தியதைப் பொறுக்கி, பொழுது சாய்ந்தால் தானாகக் கூடு திரும்பும் சிறுவிடை நாட்டுக்கோழிக்கு அங்கே அயல்வீடு என்று ஒன்றும் பக்கத்தில் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய ஊருக்குள் கதை வேறு. “ஏனுங்கக்கா, உங்க கோழி எங்கூட்டு ராகியக் கொத்திப்போட்டுதுங்” என்ற புகார் அங்கே அன்றாடம் எழக்கூடியதுதான்.

நெருக்கம்தான் காரணம் என்பவர்கள் பஞ்சாலைக் காலத்தைப் பார்க்க வேண்டும். 1901-இல் கோவையில் சுமார் 53,000 பேர்; 1951-இல் ஏறத்தாழ 2 லட்சம். 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1932-இல் பைகாரா மின்சாரம், அதன் பின்னே அடுக்கடுக்காகப் பஞ்சாலைகள். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பொது வாசல், பொதுக் குழாய். இன்றைய சைட் வீட்டைவிட அது எவ்வளவோ நெருக்கடி. ஊரிலிருந்து வந்தவர்களோடு கோழியும் வந்தது, அந்தப் பொது வாசலில்தான் மேய்ந்தது.

அந்த நெருக்கடியிலும் அக்கம்பக்கத்தாருக்குக் கோழியில் பங்கு இருந்தது எப்படி என்பதை அடைவைப்பதில் பார்க்கலாம். ஒரு கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை வரை அடைகாக்கும். ஆனால் பத்து நாளுக்கு மேல் பழசான முட்டை பொரிப்பது குறைவு. ஒரே வீட்டில் அத்தனை புது முட்டை சேர்வது அரிது. அதனால் பக்கத்து வீட்டில் நாலு முட்டை வாங்க வேண்டியிருக்கும். அல்லது நம் கோழி அடைக்கு உட்காராத நேரம் நம் முட்டை அவர்கள் கூடைக்குப் போகும். கூடையில் மணலையோ உமியையோ பரப்பி, முட்டைகளை வைத்து, இடி விழுந்தால் கெடாதிருக்க ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் மூன்றையும் ஓரமாகச் செருகுவார்கள். 21 நாள் கழித்துப் பொரிக்கும் குஞ்சுகளில் முட்டை கொடுத்தவளுக்கும் பங்குண்டு. பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும் என்பதால் வீட்டுக்கு ஒரு சேவல் தேவைப்படவில்லை. கருப்பராயன் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலென்றால் அதன் கறிச்சோறு நாளைக்கு நமக்கும் உண்டு. முட்டை விற்ற காசு பெண்களின் சிறுவாட்டில் சேர்ந்தது. கூவுகிற சேவலையும் கிளறுகிற கோழியையும் பொறுத்துக்கொள்ள இவ்வளவு காரணங்கள் இருந்தன. இப்படிச் சொன்னால் அன்பைக் கொடுக்கல் வாங்கலாகச் சுருக்குவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. கொடுக்கல் வாங்கல் இருந்ததால்தான் ஒருத்தி இன்னொருத்தியின் வாசலுக்குத் தினமும் போய்வந்தாள். அன்பு அந்த வழியில் வளர்ந்தது.

இதை மாற்றியதும் கொங்கு நாடுதான். 1984-இல் உடுமலையில் சுகுணா நிறுவனம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் ஒப்பந்தப் பண்ணை முறை வந்தது: குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை, கொட்டகையும் உழைப்பும் விவசாயியினுடையவை. பல்லடம் கறிக்கோழியின் தலைநகரானது. முட்டை நாமக்கல்லில் குவிந்தது. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்ததும் அந்தப் பெருக்கத்துக்கு ஒரு துணை. ஆறு வாரத்தில் 2 கிலோ எடை வரும் பிராய்லருக்கும், வருடத்துக்கு 300 முட்டை இடும் வெள்ளைக் கோழிக்கும் முன்னால், 60 அல்லது 80 முட்டை இடும் சிறுவிடை எம்மாத்திரம்? ஏழை வீட்டுத் தட்டிலும் முட்டை விழுந்தது பெரிய நன்மை, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முட்டை மளிகைக்கடைக்கும் கறி கறிக்கடைக்கும் போன அன்றே, பக்கத்து வீட்டுக் கோழியிடம் நமக்கு வேண்டியது ஒன்றுமில்லாமல் போயிற்று. சத்தமும் எச்சமும் மட்டும் சுவரைத் தாண்டி வந்தன.

சத்தம் பொய்யா, நோய் பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. சேவலின் கூவலை உடலுக்குள் ஓடும் கடிகாரமே நடத்துகிறது என்று 2013-இல் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். விடியலுக்கு வெகுமுன்பே அது கூவத்தான் செய்யும். ஆனால் முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பறவைக் காய்ச்சல் பயம் நியாயமானதே, ஆனாலும் 2006-இல் நாட்டில் முதலில் அது பிடிபட்ட நவாப்பூர், வணிகப் பண்ணைகள் நெருங்கிய ஊர். இந்தப் பிரச்சினைகளைச் சட்டம் தீர்க்கும் என்ற நம்பிக்கையில்தான் எனக்கு ஐயம். கேரளத்து அடூரில் 2025-இல் சேவல் சத்தம் பற்றிய புகாரில், கூட்டை இடம் மாற்றச் சொல்லி வருவாய் அதிகாரி உத்தரவிட்டார். பிரான்சில் 2019-இல் மோரிஸ் என்ற சேவல் வழக்கில் ஜெயித்தது; 2021-இல் கிராமத்து ஒலிகளையும் வாசனைகளையும் காக்கச் சட்டமே வந்தது. ஓரிடத்தில் புகார் சொன்னவர் வென்றார், இன்னோரிடத்தில் சேவல் வைத்திருந்தவர் வென்றார். இரண்டு இடத்திலும் தோற்றவர் பக்கத்து வீட்டிலேயேதான் குடியிருக்க வேண்டும்.

இப்போது நாட்டுக்கோழிக்கு மறுபடி மவுசு. நகரத்தில் மொட்டை மாடியிலும் கூண்டு வைக்கிறார்கள். ஆனால் அந்த முட்டை நாமக்கல் முட்டையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விலை போவதால், தெரிந்தவர்களுக்கும் கடைக்கும் விற்பனைக்குப் போகிறது. கோழி திரும்பி வந்துவிட்டது; பக்கத்து வீட்டுக்காரர் பங்கு இன்னும் வரவில்லை. அவர் புகார் எழுதுவதில் எனக்கு வியப்பில்லை.