சங்கடம் என்னும் தோணி

திருச்சியில் காவிரிக் கரையை ஒட்டிய பகுதிக்கு ஓடத்துறை என்று பெயர். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. பாலம் வராத காலத்தில் அங்கே போக ஓடம்தான் வழி. ஓடுவதால் ஓடம் என்பது எளிய விளக்கம்.

ஆளோடு வண்டி மாட்டையும் ஏற்ற ஒற்றை ஓடம் தாங்காது. இரண்டு தோணிகளைப் பக்கவாட்டில் பிணைத்து, மேலே பலகைத் தளம் பரப்பினால் வண்டி அப்படியே ஏறி நிற்கும். இந்த இரட்டைத் தோணிக்குத் தமிழில் சங்கடம் என்று பெயர். துன்பத்தைக் குறிக்கும் சங்கடம் வேறு சொல். அதன் புழக்கம் பெருகி இதை மூடிவிட்டது பெரிய இழப்பு. மலையாளத்தில் சங்ஙாடம் இன்னும் வாழ்கிறது. போர்ச்சுகீசியர் அதையே ஜங்காடா என்று கொண்டுபோனார்கள். கொச்சியில் கார்களை ஏற்றிச் செல்லும் படகை ஜங்கார் என்பதும் இந்த வழியில் வந்ததே. சோழமண்டலக் கரையின் பெரிய கலங்களைச் 'சங்கரா' என்று முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ் குறிக்கிறது. அதையும் இச்சொல்லோடு இணைப்பவர்கள் உண்டு. பிணைப்பு என்னும் பொருளுள்ள வடமொழிச் சங்காடத்திலிருந்து வந்தது என்பாரும் உளர்.

வண்டியோடு ஆளை ஏற்றும் இந்தப் பழைய சொல் இன்றும் உதவும். ஸ்டாக்ஹோமுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே இரவெல்லாம் ஓடும் கப்பல்களில் கீழ்த்தளத்தில் கார்கள், மேல்தளங்களில் படுக்கையறைகளும் உணவகங்களும். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொகுசுக் கப்பல் என்றால் கார்கள் விடுபடுகின்றன. படகுச்சேவை என்றால் விடுமுறை விடுபடுகிறது. உல்லாசச் சங்கடம் என்றால் சிரிப்பார்கள். சங்காடம் என்று நீட்டி, 'உல்லாசச் சங்காடம்' எனலாம்.