வீட்டின் முகம்

திருப்பூரின் புறநகர்ப் பகுதிகளில் அண்மைக் காலமாகப் புதுவகை வீடுகள் எழுந்து வருகின்றன. வெண்மையோ இளமஞ்சளோ பூசிய சுவர், வளைவு வைத்த முகப்பு, உருண்ட தூண்கள், சரிவாய் இறங்கும் செந்நிற ஓடு. 'மெடிட்டரேனியன் எலிவேஷன்' என்று கட்டடப் பொறியாளர்கள் இதற்குப் பெயர் சொல்கின்றனர். மத்தியதரைக் கடற்கரை வீட்டின் புறத்தோற்றம் நொய்யல் கரைக்கு வந்தபோது எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

அக்கடல் நமக்குப் புதிதன்று. காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பெரில் என்னும் மணிக்கல்லைப் பண்டைய ரோமர் விரும்பி வாங்கினர். ஊத்துக்குளிப் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. நம் காலத்திலோ, 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் இங்கு வந்து பனியன் ஆடைகளை வாங்கியதே திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக்குத் தொடக்கம் என்பர்.

அந்நாட்டு வீடுகளின் புறத்தோற்றம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கோடை அங்கு வறண்டது, வெயில் கடியது. சுண்ணாம்பின் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பியது. தடித்த சுவர், பகல் வெப்பம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தியது. தெருப்பக்கம் சன்னல்கள் சிறியவை; காற்றும் ஒளியும் நடுமுற்றத்தின் வழியே வந்தன. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் வீடுகளில் கூரை உட்புறமாகச் சரிந்து, மழைநீர் நடுவிலிருந்த தொட்டியில் விழுந்தது. நம் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது. ஒரு வரிசையை மல்லாத்தி, மறுவரிசையைக் கவிழ்த்து மூடும் அவர்களது அரைவட்ட ஓடும், குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்த நம் நாட்டு ஓடும் உறவினர்களே.

ஆனால் இன்று நாம் பார்த்துக் கட்டும் மாதிரி அக்கடற்கரையிலிருந்து நேரே வந்ததன்று. 1915-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியின் கட்டடங்கள் இசுப்பானியக் கலைப்பாணியை நாடறியச் செய்தன. பின்னர்க் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் செல்வர் மாளிகைகள் அப்பாணியில் எழுந்தன. அம்மாளிகைகளின் சாயலே படங்களின் வழியாக உலகெங்கும் பரவியது. பயணத்தில் காரணங்கள் உதிர்ந்தன. வடிவம் மட்டும் எஞ்சியது. ஆகவேதான் கான்கிரீட் தளத்தின்மேல் ஓட்டை ஒட்டுகிறோம். எதையும் தாங்காத தூண்களை நிறுத்துகிறோம். மேற்கு வெயில் நேரே விழும் பக்கத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்து, ஏ.சி.யால் அவ்வெப்பத்தோடு போராடுகிறோம்.

அயல்நாட்டு முகப்பை ஏற்பது தவறென்று சொல்லவில்லை. புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் பழைய மாடி வீடுகளைப் பாருங்கள். மேல்மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சன்னல்களும் சுவர்த்தூண்களும் உண்டு. ஆனால் கீழ்த்தளத்தில், தெருவில் நடப்பவர் ஒதுங்கத் தாழ்வாரமும், அமரத் திண்ணையும் அப்படியே இருக்கின்றன. அவ்வீட்டார் பிறர் அழகை வாங்கினர். தம் விருந்தோம்பலை விற்கவில்லை.

வீட்டின் வெளிப்புறத்தைப் பற்றி விவிலியமும் பேசுகிறது. புதுவீடு கட்டுவோர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பக் கடமைப்பட்டவர் என்கிறது இணைச் சட்டம் (22:8). அதன் நோக்கம் அலங்காரமன்று; வீட்டுக்கு வருபவர் எவரும் தவறி விழுந்து இறக்கலாகாது என்பதே. யோப்பாவில் கடலோரம் தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மாடியில் வேண்டிக்கொண்டிருந்தபோதுதான், பிற இனத்தார்க்கும் கதவு திறக்க வேண்டும் என்ற காட்சியைப் பேதுரு கண்டார் (திப 10). சிரியாவில் யூப்பிரத்தீசு ஆற்றங்கரையிலுள்ள தூரா-யூரோப்போசு நகரில், மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர் கூடி வழிபட்ட வீடு ஒன்று 1930-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வெளியிலிருந்து அது அண்டை வீடுகளைப் போன்றதே. உள்ளேயோ, இரு அறைகளை ஒன்றாக்கிய கூடமும், ஓவியம் தீட்டிய திருமுழுக்கு அறையும் இருந்தன. அவ்வீட்டின் பெருமை முகப்பில் இல்லை. உள்ளே கூடியோரில் இருந்தது.

இன்று திருப்பூரில் தெருத் திண்ணை அரிதாகி, சுற்றுச்சுவர் உயர்ந்துவிட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற தொலை மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர் அச்சுவரோரமாகவே வேலைக்கு நடக்கின்றனர். அவர்களது உழைப்பும் அம்முகப்பில் அடங்கியுள்ளது. வாயிற்கதவுக்கு வெளியே அவர்கள் நின்று இளைப்பாற ஒரு சாண் நிழலும் இல்லையெனில், எந்தக் கடற்கரை அழகு அங்கிருந்து என்ன?

வீடு கட்டவிருக்கும் நம் குடும்பத்தினர் இத்தாலிய வளைவையும் சிவந்த ஓட்டையும் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கூடவே, சுற்றுச்சுவரை இரண்டடி உள்ளே தள்ளி, தெருவை நோக்கி ஒரு திண்ணை, அதன்மேல் சிறு கூரை, அருகே ஒரு குடிநீர்க் குழாய் அமைக்கலாம். வரைபடத்தில் இதற்கு ஒரு கோடு போதும். மந்திரிப்புக்கு வரும் பங்குத்தந்தையும் அத்திண்ணையைக் கடந்தே வீட்டினுள் நுழைவார். இறைவனின் ஆசி அங்கிருந்தே தொடங்கட்டும்.